நான்காம் பாகம் இன்னும் வரவில்லை

ஜனவரி 11

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே என் மதிப்பெண்ணைத் தவிர எல்லோரும் சுகம். உன் இருமல் போய்விட்டதா, இல்லை நான் அனுப்பிய மருந்தைப் பாட்டிலோடு வைத்து அழகு பார்க்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். நாவல் தாளில் மறுபடியும் கோட்டை விட்டுவிட்டேன். விடைத்தாளின் நகல் வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு மையில், "கதையைச் சொல்கிறார். தன் கருத்தைச் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். போன தடவையும் இதே வரிதான். இந்த வீட்டிலும் சரி, மருந்துக்கடையிலும் சரி, இத்தனை வருடத்தில் "உன் கருத்து என்ன?" என்று என்னை யார் கேட்டார்கள்? திடீரென்று பரீட்சையில் கேட்டால் நான் எங்கே போவேன்?

ஜூன் மாதம் கடைசி வாய்ப்பு. அதற்குப் பிறகு பாடத்திட்டம் மாறுகிறது. இதையும் விட்டால் பட்டப்படிப்பின் எல்லாத் தாள்களையும் அ, ஆவிலிருந்து எழுத வேண்டும். அது நடக்காது, எனக்குத் தெரியும். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பு, இந்த ஒரு தாளில் வந்து தொங்குகிறது. உன் மருமகள் நேற்று சாப்பிடும்போது, "அம்மா, நீ இன்னுமா பாஸாகல?" என்றாள். பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒரு எதிராளி. நான் எது சொன்னாலும் இல்லை என்று சொல்ல ஓர் ஆள். உன்னைவிட்டால் யார்? ஒன்றுமில்லாததற்கே ஊரைக் கூட்டுகிறவள் நீ.

கதைச் சுருக்கம் இதோ. ஓர் ஆறு. படகுத்துறைக்காரரின் மகள் துடுப்புப் போடுகிறாள். அக்கரையில் ஒரு வைத்தியர். தினமும் அவள் படகில் வந்து போகிறார். அவள்மேல் அவருக்குப் பிரியம். ஆனால் வாயைத் திறப்பதில்லை. அவளும்தான். இப்படியே எழுநூறு பக்கம்.

புத்தகம் முதுகு உடைந்து கிடந்தது. உன் அண்ணன் பணிமனைக்கு எடுத்துப்போய், எஞ்சினைப் பிரிப்பது போல நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுத்துவிட்டார். நான் ஒரு பாகத்தைத் திருப்புதல் செய்துவிட்டு உனக்கு அனுப்புவேன். நீ படித்துவிட்டுச் சண்டையோடு திருப்பி அனுப்பு. நாவலைப் பற்றி போனில் பேச்சே கிடையாது. மூன்று மணி நேரம் எழுதக் கை பழக வேண்டும். மருந்துச் சீட்டு அளவுக்கு மேல் எழுதினால் என் விரல் வேலைநிறுத்தம் செய்கிறது.

உன் சண்டைக்குக் காத்திருக்கும்
அண்ணி

*

ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. மருந்துக்குப் பயந்தே போயிருக்கும், அவ்வளவு கசப்பு. அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி?

முதல் பாகத்தை முடித்துவிட்டேன். உங்கள் வைத்தியர் ஒரு மண்ணாந்தை. இருநூறு பக்கத்தில் அவர் அவளிடம் பேசியது, "இன்று தண்ணீர் அதிகம்", "இன்று தண்ணீர் குறைவு". இதற்கு ஒரு கம்பை நட்டு அளவு பார்த்துக்கொள்ளலாமே, வைத்தியர் எதற்கு? பிடித்திருந்தால் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் நீந்திப் போக வேண்டும். இதுதான் என் கருத்து, எழுதிக்கொள்ளுங்கள்.

பார்சல் அலுவலகத்தில் வழக்கமான கூத்துதான். எங்கள் பெரிய தராசு கொஞ்ச நாளாகப் பொய் சொல்கிறது. உங்கள் முதல் பாகத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ என்கிறது! பார்சல் போட வருகிறவர்கள் எல்லோரும் என்னோடுதான் மல்லுக்கு நிற்கிறார்கள். சரிபார்க்கிற ஆளை அனுப்பச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நாவலைச் சாக்கு வைத்து என் கல்யாணப் பேச்சை எடுத்தால், அடுத்த பாகத்தைப் பார்சலே பிரிக்காமல் திருப்பிவிடுவேன். அண்ணனிடமும் சொல்லி வையுங்கள்.

சண்டைக்குக் குறைவில்லாத
உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 16

அன்புள்ள வாயாடிக்கு,

எல்லோரும் நலம். உன் அண்ணனின் முழங்கால் உன்னைப்போலத்தான், கவனித்தால் அதிகம் கத்துகிறது.

உன் கருத்தை நான் ஏற்கவில்லை (பார், கருத்து!). அவர் பேசாதது கோழைத்தனம் இல்லை. அவள் அப்பாவின் படகில் இருந்துகொண்டு, அவள் வேலை செய்கிற நேரத்தில் காதல் பேசினால் அவள் எழுந்தா போக முடியும்? நடு ஆற்றில் எங்கே போவாள்? அதனால்தான் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார். எப்படி? இதை எழுதி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

கடையில் ஒரு கூத்து. திருப்புதலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னக் காகித உறைகளில் அத்தியாயக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். காலை இரண்டு அத்தியாயம், இரவு ஒன்று என்று. அதில் ஓர் உறை கூட்டத்தில் ஒரு பெரியவருக்குப் போய்விட்டது. உள்ளே அவருடைய மாத்திரைதான், அதில் தப்பில்லை. மறுநாள் வந்து நிற்கிறார்.

"ஏம்மா, மேலே 'வைத்தியர் மனம் கலங்குகிறார், இரவு ஒன்று'ன்னு போட்டிருக்கு. எனக்கு என்ன வியாதின்னு வைத்தியரே கலங்குறாரு?"

கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! விளக்கம் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது அந்தப் பெரியவர் தினமும் வந்து, "கலங்கினவரு தெளிஞ்சாரா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இரண்டாம் பாகம் இதோடு. கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை, கவனித்தாயா?

அண்ணி

*

மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அந்தப் பெரியவருக்கு என் வணக்கம்.

தராசுக்காரர் ஒருவழியாக வந்தார். வந்தார் என்பதைவிட வந்து உட்கார்ந்துவிட்டார் என்பதே சரி. பெட்டியைத் திறந்து எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, ஒன்றை வைத்து, எழுதி, எடுத்து, மறுபடி அதையே வைத்து, மறுபடி எழுதி... வெளியே வரிசை வாசல்வரை நிற்கிறது. "கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டுமே" என்றேன். "ஒரு தடவை சொன்னா தராசை நம்பக்கூடாதுங்க. மூணு தடவையும் ஒண்ணே சொல்லணும்" என்றார். நாள் முழுக்க அவர் பேசியதே அதுதான். அப்புறம் டேப் ஒட்டிய உங்கள் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார். என் அண்ணியின் புத்தகம் என்றேன். ஓகோ என்றார். அவருக்குத் தராசு என்றே பெயர் வைத்துவிட்டேன்.

இரண்டாம் பாகத்தில் வைத்தியர் இன்னும் மண்ணாந்தைதான். ஆனால் வெள்ளத்தன்று அவள் வரமாட்டாள் என்று தெரிந்தும் கரையில் வந்து நிற்கிறாரே, அந்த இடம் கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

அடுத்த வாரம் தராசு மறுபடி வந்து பார்ப்பாராம். என் தலையெழுத்து.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் சுகம். மூன்றாம் பாகம் அனுப்பியிருக்கிறேன். வைத்தியர் படகோட்டும் பெண்ணிடம் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போகிற அத்தியாயம் இதில்தான் வருகிறது.

உன் அண்ணன் இப்போது எனக்குத் தேர்வாளர். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்கிறார். நேற்று குடை அத்தியாயத்தைச் சொன்னேன். "ஒரே குடையில ரெண்டு பேரும் போயிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்குமே, இருநூறு பக்கம் பேப்பர் மிச்சம்" என்கிறார். இதையும் ஒரு கருத்தாக எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

ஆனால் ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பெல்லாம் புத்தகத்தைத் திறந்தால் இதில் எதை மனப்பாடம் செய்வது என்று பயமாக இருக்கும். இப்போது, இந்த வரிக்கு அந்த வாயாடி என்ன சொல்வாள், அதற்கு நான் என்ன சொல்வேன் என்றுதான் படிக்கிறேன். எனக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. சந்தோஷமாக இருக்கிறது.

தராசு சரியாகிவிட்டதா?

அண்ணி

*

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறேன்.

குடை அத்தியாயத்தைப் பற்றி நீங்களும் அண்ணனும் நினைப்பது தவறு. பேசுகிறவர்களெல்லாம் உணர்கிறவர்கள் இல்லை. அவர் நனைந்துகொண்டு போகும்போது திரும்பிப் பார்ப்பதில்லை, கவனித்தீர்களா? நன்றி வாங்கிக்கொள்ளக்கூட நிற்பதில்லை. இப்படிப்பட்டவர் எதையும் நிதானமாகத்தான் செய்வார். நிதானமாகச் செய்தால் நின்று நிலைக்கும். இந்த இடத்தில் நாங்கள் வெகுநேரம் வாதாடினோம். நாங்கள் என்றால், நானும் என் மனசாட்சியும்.

மூன்றாம் பாகத்தை இதோடு அனுப்புகிறேன். நான்காவதைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

அண்ணனுக்கும் மருமகளுக்கும் அன்பு.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். உன் மனசாட்சியும் நலம்தானே? அது இப்போதெல்லாம் உன்னோடு உட்கார்ந்து நாவல் படிக்கிறது என்று கேட்டு மகிழ்ச்சி. ஜனவரியில் மண்ணாந்தையாக இருந்தவர் ஏப்ரலில் நிதானமானவர் ஆகிவிட்டார். நல்ல முன்னேற்றம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நான்காம் பாகம் இதோடு வருகிறது. இதுதான் உயிர்நாடி. ஆற்றுக்குப் பாலம் கட்டிவிடுகிறார்கள். ஊரே பாலத்தில் நடக்கிறது. படகுக்கு இனி வேலை இல்லை. அன்றைக்கும் வைத்தியர் படகுத்துறைக்கு வருகிறார். அவள் அவரை ஏற்றிக்கொண்டு போய், நடு ஆற்றில் துடுப்பை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறாள். அதோடு கதை முடிகிறது. அடுத்து என்ன ஆயிற்று என்று ஒரு வரிகூட இல்லை!

கேள்வி எப்போதும் இதில்தான் வரும். இரண்டு தடவையும் நான் விழுந்த பள்ளம் இதுதான். "அவள் துடுப்பை வைத்தாள்" என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஏன் வைத்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னமும் தெரியவில்லை. நிஜமாகவே பயமாக இருக்கிறது.

பரீட்சை ஜூன் 2. எப்படியாவது மே பத்துக்குள் திருப்பி அனுப்பிவிடு. இது பதிப்பில் இல்லாத புத்தகம். வேறு பிரதி எனக்கு எங்கும் கிடைக்காது.

அண்ணி

*

மே 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ சுகமா? கடிதமும் இல்லை, புத்தகமும் இல்லை. நேற்று போனில் விதியை மீறிக் கேட்டேவிட்டேன். சிக்னல் இல்லை என்றாய். "சிக்னல் இல்லை" என்று நீ சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

நான்காம் பாகம் இன்னும் வரவில்லை. வழியில் தொலைந்ததா என்று உன் அண்ணன் கேட்டார். பார்சல் அலுவலகத்தில் வேலை செய்கிறவளே பார்சல் தொலைந்தது என்று சொன்னால் நாடு தாங்குமா?

கிண்டல் பண்ணுகிறேனே தவிர, மனசு சரியில்லை. கடையில் நேற்று இருமல் மருந்து கேட்டவரிடம் வயிற்றுவலி மருந்தை எடுத்து நீட்டப் போனேன். கடைக்காரர் பார்த்துத் தடுத்தார். புத்தகம் இல்லாமல் கடைசிப் பகுதியை நான் எப்படித் திருப்புதல் செய்வது? எனக்கு இது விளையாட்டில்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் இப்படிச் செய்வாயா?

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அண்ணி

*

மே 16

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

தாங்களும் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன். நான் எடைக்கருவிகளைச் சரிபார்ப்பவன். தங்கள் புத்தகத்தின் நான்காம் பாகம் என்னிடம் இருந்தது. இதோடு அனுப்பியிருக்கிறேன். டேப்பின் மேல் இருந்த முகவரியைப் பார்த்து எழுதுகிறேன்.

முன்கதையைச் சொல்லி, மூன்றாம் பாகத்தை உணவு இடைவேளைகளில் அவர் எனக்குப் படித்துக் காட்டினார். கடைசிப் பாகத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டு சுற்றுப்பயணம் போய்விட்டேன். ஊர் ஊராகத் தராசு பார்க்கிற வேலை. ஒரு தடவை படித்தேன், நம்பிக்கை வரவில்லை. மூன்று தடவை படித்தேன். இது தங்கள் பரீட்சைக்கு உரியது என்று நேற்றுதான் தெரிந்தது. தங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுதுகொண்டிருந்தார். என்னிடம் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு இத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறார். தவறு என்னுடையது. அவர்மேல் கோபப்பட வேண்டாம். நான் எழுதுவதும் அவருக்குத் தெரியாது.

படகில் அந்தப் பெண் துடுப்பை வைத்தது, வைத்தியர் பேசட்டும் என்று காத்திருக்கத்தான் என்பது என் கருத்து. கோபத்தில் வைத்தாள் என்கிறார் அவர். எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. தாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தேர்வு நல்லபடியாக அமைய வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
எடைக்கருவி சரிபார்ப்பவர்

*

மே 20

தராசுக்காரருக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். நான்காம் பாகம் ஒரு பக்கம்கூட மடங்காமல் வந்து சேர்ந்தது. போன உயிர் திரும்பி வந்தது. கோபமெல்லாம் போயே போய்விட்டது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. எடையில் அரைக் கிராம் பிசகினால் விடாதவர் என்று கேள்விப்பட்டேன். அதனால் சுட்டிக்காட்டுகிறேன். என்னை "அண்ணி" என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் வாயில் தினமும் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. நான் உங்களுக்கு அண்ணி என்றால் என் கணவர் உங்களுக்கு அண்ணன். அவர் அண்ணன் என்றால் அவருடைய தங்கை உங்களுக்கும் தங்கை.

உங்களுக்கு அது சம்மதமா?

சம்மதம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இல்லை என்றால் என்னை என்ன முறை வைத்துக் கூப்பிட வேண்டும் என்று யோசித்து, திருத்தி எழுதுங்கள். மூன்று தடவை நிறுத்துப் பார்த்துவிட்டு எழுதினால் போதும், அவசரமில்லை. அதற்குள் நான் பரீட்சை எழுதிவிட்டு வருகிறேன். உங்கள் வழக்குக்கும் தீர்ப்பு அங்கேதான்.

இப்படிக்கு,
இன்னும் முறை முடிவாகாத ஒருத்தி

*

ஜூன் 5

அன்புள்ள நாத்தனாருக்கு,

அழுதாயாமே? அசடே. புத்தகம் வந்துவிட்டது, பரீட்சையும் முடிந்துவிட்டது. நன்றாகச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

நம்பமாட்டாய். கேள்வி அதேதான் வந்தது. "நாவலின் முடிவில் படகோட்டும் பெண் துடுப்பை வைத்துவிடுவது ஏன்? உமது கருத்தை நிறுவுக." கேள்வி எண்ணை மட்டும் தாளில் எழுதினேன். நீ சொன்ன கோபம் நினைவுக்கு வந்தது. அவர் சொன்ன காத்திருப்பும் வந்தது. இரண்டும் சரியில்லை என்று தோன்றியது. அப்புறம் உன் நினைவு வந்தது.

எவ்வளவு வாய்! யார் கையிலும் எதையும் கொடுக்காதவள், என் ஒரே புத்தகத்தை, அதுவும் கடைசிப் பாகத்தை, ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்க வாய்வராமல் நின்றிருக்கிறாய். உனக்குச் சொல்ல ஒன்றுமில்லாமலா வாய்வரவில்லை? கொடுத்தபோதே சொல்லிவிட்டாய். அந்தப் பெண்ணும் அப்படித்தான். இத்தனை வருடம் அக்கரை சேர்ப்பதே வேலையாக இருந்தவள் படகை நிறுத்திவிட்டாள் என்றால், அவள் பேசி முடித்துவிட்டாள். வைத்தியர் பேசட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. அவர் காதில் விழுந்ததா என்றுதான் பார்க்கிறாள்.

இதைத்தான் எழுதினேன். கேட்டு வாங்கித் தாள் சேர்த்துச் சேர்த்து எழுதினேன். மணி அடித்தபோது விரல் மரத்துப்போயிருந்தது. வெளியே உன் அண்ணன் வண்டியோடு நின்றார். "கதை சொன்னியா, கருத்துச் சொன்னியா?" என்றார். நடு ரோட்டில் அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். பயந்துபோய், "விடு விடு, பாலத்துலயே போயிருக்கலாம் அவ" என்று என்னென்னவோ உளறினார்.

தேறுவேனா தெரியாது. ஆனால் இந்தத் தடவை யாருடைய கருத்தையும் கடன் வாங்கவில்லை.

நீ துடுப்பை வைத்துவிட்டாய். இனிமேல் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இரு. எதிரில் இருப்பவருக்குக் காது மெதுவாகத்தான் கேட்கும் போலிருக்கிறது.

அண்ணி

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னிக்கவும். தாங்கள் சொன்னபடியே மூன்று தடவை நிறுத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒன்றே சொன்னது.

நேற்று முடிவு வெளியானபோது நான் பார்சல் அலுவலகத்தில்தான் இருந்தேன். தங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்து, முதல் வகுப்பு என்றதும் தங்கள் நாத்தனார் பெரிய தராசின் மேல் ஏறி நின்று குதித்தார். பார்சல் போட வந்தவர்களும் ஏனென்று தெரியாமலே கை தட்டினார்கள். தராசு மறுபடி கெட்டுவிட்டது. சரிசெய்யக் கொஞ்ச நாளாகும், எனக்கு வருத்தமில்லை.

அவர் இறங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று நானும் கேட்டுவிட்டேன். "இதுக்கா இத்தனை மாசம்?" என்றார். பிறகு, தராசின் மேல் நின்றபடியே, சரி என்றார். அதை ஒரே தடவையில் நம்பிவிட்டேன்.

எங்கள் வழக்கில் இருவருமே தோற்றோம் என்று தங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினார். தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறேன்.

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். மருமகளுக்கு என் அன்பு.

மச்சானுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?